கசிவை அடைத்த கை

ஓடுகிற ஆலையை நிறுத்தாமலே கசிவை அடைப்பதுதான் என் கணவர் கில்பர்ட்டின் வேலை. போன தை மாதம் உப்புக்கரைசல் குழாயின் ஓட்டையில் பசையை அழுத்தும்போது, அவருடைய வலது கையும் அதோடு சேர்ந்து இறுகிவிட்டது. கையை எடுக்க வேண்டுமானால் ஆலையை நிறுத்த வேண்டும். நிறுத்துவதா? நிறுத்தும் பொத்தானையே பிடுங்கி எறிந்துவிட்டு, அதற்கு விருதும் வாங்கிய மகராசன்கள் இந்த ஆலைக்காரர்கள்.

அதனால் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனித்தார்கள். நாற்காலி போட்டார்கள், தலைக்கு மேல் தகரம் அடித்தார்கள், பதவி உயர்வுகூடக் கொடுத்தார்கள். இவரும் வெட்கமில்லாமல், "விடு ரெஜினா, கை மரத்துப் போச்சு, வலிக்கல," என்றார். எங்கள் மகளின் நிச்சயதார்த்தமே அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் காபி குடித்தார்கள்.

மேலாளர் ரகோத்தமன் மட்டும் பூரித்துப் போனார். "பாத்தீங்களாம்மா, ஒரு நிமிஷம்கூட உற்பத்தி நிக்கல!" ஏதோ தன் கையே ஒட்டிக்கொண்டதுபோல.

நேற்று மதியம் தூக்குவாளியைத் திறந்து வைத்தேன். இவர் இடது கையால் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அதே குழாயில் ஒரு முழம் தள்ளிச் சீறல் கேட்டது. ரகோத்தமன் ஓடிவந்தார். புதுக் கசிவைப் பார்த்தார். பிறகு இவருடைய இடது கையைப் பார்த்தார்.

"என்ன சார் அப்படிப் பாக்குதீங்க?" என்றேன்.

அவர் என்னிடம் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சோறு நீங்க ஊட்டிவிட மாட்டீங்களாம்மா?"