முகட்டுக்குள் அணில்

அஸர் தொழுதுவிட்டு வந்த முகைதீன்பாவா, கூரை விளிம்பில் சாத்திய ஏணியில் பலகையும் சுத்தியலுமாக நிற்கிறார். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் அணில் போய்வரும் ஓட்டையை அடைக்க வேண்டும். நேற்று அது கடித்த வயரிலிருந்து பறந்த தீப்பொறி, பிள்ளை தூங்கும் ஏணைக்குப் பக்கத்தில் விழுந்தது. கீழே விரித்த பாயில் கரிந்த வட்டம் இன்னும் தெரிகிறது. அவர் மனைவி நபீஹா ஏணியைப் பிடித்திருக்கிறாள். கண், பிள்ளை கிடக்கும் அறையின் ஜன்னலுக்கும் சுத்தியலுக்கும் மாறி மாறி ஓடுகிறது. பல்லில் கவ்விய ஆணியை எடுத்துப் பலகையில் ஊன்றியவர் அப்படியே நின்றுவிடுகிறார். உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலிகள் வருகின்றன.

"புள்ள, உள்ள குஞ்சு கிடக்கு."

"என்ட குஞ்சு கீழ கிடக்கு. அடிங்க."

தாய் அணில் மதிலில் வாலை விறைத்துக் கத்துகிறது. முருங்கைக்குத் தாவுகிறது, கிளை ஆடி முடிவதற்குள் மதிலுக்குத் திரும்பிவிடுகிறது. சுத்தியல் உயர்கிறது, விழவில்லை. நபீஹா ஏணியை விட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போகிறாள். மெயின் சுவிட்ச் 'டக்'கென்று விழ, மின்விசிறி சுழன்று ஓய்கிறது. வியர்த்துச் சிணுங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறாள்.

"குஞ்சுகள் வளந்து ஓடுற வரைக்கும் லாம்பு வெளிச்சத்தில இருப்பம். இறங்குங்க."

"பத்து, பதினைஞ்சு நாளாகுமே?"

"ஓம்."

அவர் இறங்கி ஒதுங்கியதும் அணில் ஏணி வழியாகவே ஏறி ஓட்டைக்குள் நுழைகிறது. கீச்சொலி அடங்குகிறது. நபீஹா மட்டும் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டபடி, எரியாத பல்பை அண்ணாந்து பார்த்துப் பார்த்து உள்ளுக்கும் வாசலுக்கும் நடக்கிறாள்.