ஏரிக்கரையில் இடமில்லை

டென்வருக்குப் பக்கத்தில் கூடாரம் போட அந்த ஏரிக்கரையை மிஞ்ச இடம் கிடையாது. எப்போது போனாலும் ஈ, காக்கை இருக்காது. இந்தச் சனிக்கிழமை வெர்னன் கேரவனோடு போய் நின்றால், வாசல்வரை வண்டிகள்!

"ஒரு கூடாரத்துக்குக்கூட இடமில்ல சார்," என்றான் காவலாளி.

"போன தடவ நாங்க ரெண்டு பேர்தானே இருந்தோம்! இப்ப என்னய்யா ஆச்சு?"

"நெட்ல எவனோ எழுதியிருக்கானாம். தினமும் சாயங்காலம் கரடி குட்டிகளோட வந்து கூடாரத்தக் கிழிக்குதாம். அதப் பாக்கத்தான் ஊரே கேமராவோட வந்திருக்கு. நான் இத்தன வருஷத்துல ஒரு கரடியக்கூடப் பாத்ததில்ல!"

வெர்னன் வண்டியைத் திருப்பினார். பக்கத்து இருக்கையில் மனைவி லோர்னா பல்லைக் கடித்தாள்.

"கொசு கடிக்குது, கழிவறை நாறுதுன்னு எழுதுனதோட நிறுத்துன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? யாரும் வரக்கூடாதுன்னா கரடியையா எழுதுவ?"