பெட்டிக்குள் இருந்த பெயர்
மைதானத்தின் இளவெயிலில் வெள்ளை பலூன் கையை விட்டு மேலேறுகிறது. ரேடியோ கிளப்பே அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறது. பலூனுக்கு அடியில் ஆடும் சின்னப் பெட்டியை ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கம்பி கம்பியாகப் பற்றவைத்துச் செய்தவள் அவள். விரல் நுனியில் சூடு பட்ட புண் இன்னும் ஆறவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை அவளுடைய அழைப்புக்குறியை, ரேடியோவில் அவளுக்கென்றே உள்ள எழுத்துப் பெயரை, அது வானத்திலிருந்து மோர்ஸ் சங்கேதத்தில் ஒலிக்கும் என்பதுதான் பேச்சு. ரிசீவரைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுகிறாள். கீச்சுக் கீச்சென்று வருகிறது. கடைசி மூன்று எழுத்தில் அவள் முகம் சுண்டிப்போகிறது. அது அவள் கணவனின் குறி. "நேத்து நீ அசந்து தூங்கினப்போ மாத்திட்டேம்மா. கிளப் தலைவர், என் பேருன்னா எடுப்பா இருக்கும்ல? நமக்குள்ள உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு?" என்று சிரிக்கிறான் அவன். "ஒண்ணும் இல்லேன்னா என்னுதே இருந்திருக்கலாமே," என்கிறாள். அதற்குள் யாரோ வந்து அவன் கையைக் குலுக்குகிறார்கள். பலூன் கடுகாகச் சிறுத்துவிட்டது. இனி யார் கூப்பிட்டாலும் இறங்காது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த நிமிடமும் அது அவனைத்தான் சொல்கிறது.