ஜெனரேட்டர் வசதி கிடையாது

'தனிமையான, அமைதியான இடத்தில் உட்காரவும்' என்றது கம்ப்யூட்டர்.

மொக்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பிரவுசிங் சென்டர் கேபினின் தடுப்புப் பலகை அவள் தோள் உயரம்கூட இல்லை. பக்கத்துக் கேபினில் ரெண்டு பேர் கல்யாணப் பத்திரிகைக்கு நல்ல பிள்ளையார் படமாகத் தேடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட அமைதி கம்பம் பஜாரில் எங்கே கிடைக்கும்? சரி என்று உட்கார்ந்தாள்.

நாலு மாதமாகத் தூக்கம் இல்லை. உடம்பில் ஒன்றுமில்லை, மனசைப் பாருங்கள் என்றுவிட்டார் டாக்டர். மனசை எங்கே போய்ப் பார்ப்பது? வாரப் பத்திரிகை ஒன்றில்தான் வழி கிடைத்தது. கம்ப்யூட்டர் மூலம் மனநல ஆலோசனை, முதல் தடவை இலவசம்.

காரணம் அவளுக்கே தெரியும்.

மகளிர் குழுவோடு இடுக்கி அணை பார்த்துவிட்டு லோயர் கேம்ப் மலையிறங்கும்போது பஸ்ஸில் கொஞ்சம் கண்ணசந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த பாவம்.

"யாரும்மா பஸ்ஸுக்குள்ள ஜெனரேட்டரு போட்டது?" என்று சத்தமாகக் கேட்டாள் ஜெய்த்தூன் பீவி.

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து ஊருக்குள் மொக்கம்மாள் பெயர் ஜெனரேட்டர் அக்கா.

வேறு எவளாவது சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். சொன்னது ஜெய்த்தூன். பதினோரு வருடமாக ஒரே தையல் கடையில் எதிரெதிர் மிஷின். அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளே தன் மிஷினை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மிஷின் போனது. பேச்சு போனது. தூக்கமும் போனது. கண் சொருகினால் போதும், குறட்டை வந்துவிடுமோ என்று திடுக்கென்று முழித்துக்கொள்வாள்.

அந்தத் தையல் கடை இந்த பிரவுசிங் சென்டருக்கு நேர் எதிரே இருப்பது அவள் தலையெழுத்து. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் மாடிப்படி ஏறினாள். ஏறியதும் சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. 'கரண்டு போனால் நிர்வாகம் பொறுப்பல்ல. ஜெனரேட்டர் வசதி கிடையாது.'

அட, இங்கேயுமா!

சென்டரை நடத்தும் அல்தாப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். முதலில் ஒரு படிவம். பெயர், வயது. அப்புறம், 'அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?'

புருஷன் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிற மனுஷன். மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடித்தாள்.

சென்னையிலிருந்து உமாதேவி என்ற ஆலோசகர் வந்தார். எல்லாம் எழுத்தில்தான், ஆங்கில எழுத்தில் தமிழ். மொக்கம்மாள் பத்தாவது வரை படித்தவள். எழுத்தெல்லாம் தெரியும், எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள்: நாலு மாசமா தூக்கம் வரல.

ஆங்கில எழுத்தில் தூக்கமும் ஒன்றுதான், துக்கமும் ஒன்றுதான். உமாதேவி அதைத் துக்கம் என்று, அழுகை வரவில்லை என்று படித்தார். யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டார்.

ஒருத்தரும் தவறல, எல்லாரும் நல்லாத்தான் இருக்காக என்று அடித்தாள் மொக்கம்மாள். இது என்ன கேள்வி?

'வரும்போது அடக்காதீர்கள். சத்தமாக வந்தாலும் வெட்கப்பட வேண்டாம்' என்று பதில் வந்தது.

மொக்கம்மாளுக்குப் பகீரென்றது. சென்னை வரைக்கும் சொல்லிவிட்டார்களா!

'உசுரு போகுது' என்று அடித்தாள். வந்த கோபத்தில் 'நான் போயிட்டு வாரேன்' என்று முடிக்கப் பார்த்தாள். அதற்கு எத்தனை எழுத்து தேடுவது? 'நான் போறேன்' என்று மட்டும் அடித்துத் தட்டிவிட்டாள். வீட்டு வாசலில் நின்று இப்படிச் சொல்லியிருந்தால் வாயிலேயே ஒன்று விழுந்திருக்கும்.

டப்பென்று கரண்டு போனது.

பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்றான் அல்தாப். கீழே இறங்கினால் எதிரே ஜெய்த்தூன். மொக்கம்மாள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படியில் தடதடவென்று சத்தம். கழுத்தில் அளவு டேப்பு, ஒரு காலில் மட்டும் செருப்பு, கையில் செல்போன். ஜெய்த்தூன் பீவி வந்து நின்றாள்.

"யாரோ மெட்ராஸ்ல இருந்து பேசுறாக, நீ போறேன்னு சொன்னியாம். முந்தானையால மூடிக்கிட்டு நீ இங்கன படியேறுனது எனக்குத் தெரியாதாக்கும்? எங்கிட்டச் சொல்லாம எங்கடி போற?"

தோளில் மாறி மாறி அடித்தாள். அடித்தவளே அழுதாள்.

"சோறு வைக்கப் போறேன்டி, கூறுகெட்டவளே! நாலு மாசமா பொட்டுத் தூக்கம் இல்ல. கண்ண மூடுனா அந்த பஸ்ஸே சிரிக்குது."

ஜெய்த்தூனின் கை அப்படியே நின்றது. தன் வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்தாள்.

நாலு மாதம் கழித்து அந்தத் தோள் பக்கத்தில் இருந்தது. மிஷின் எண்ணெய் வாசம் அடித்தது. மொக்கம்மாள் லேசாகச் சாய்ந்தாள். கரண்டு வரவில்லை, தூக்கம் வந்துவிட்டது.

சும்மாவா வந்தது? தடுப்புப் பலகை அதிர்ந்தது. பிள்ளையார் தேடியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செல்போனில் உமாதேவி இன்னும் லைனில்தான் இருந்தார். அங்கே என்ன சத்தம், அவங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினார்.

அல்தாப் சிரிக்க வாயைத் திறந்தான். ஜெய்த்தூன் ஒரு முறை முறைத்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"அது ஜெனரேட்டருங்க மேடம்" என்றாள் ஜெய்த்தூன், தோள் அசையாமல். "இங்கன கரண்டு போச்சுல்ல."