அசையாத தொப்பி

“இன்னும் ஒரு முடிச்சுப் போடு, கண்ணுசாமி. ஆடிக்காத்து அம்மியையே தூக்குது. பாதி வழியில தொப்பி பறந்துட்டா மிராசு மானமும் கூடவே பறந்துடும்.”

கூண்டு வண்டியின் வாசலில் நின்று காரியஸ்தர் இராஜாங்கம் அவசரப்படுத்தினார். தையற்காரர் கண்ணுசாமி உள்ளே மண்டியிட்டு, கோணி ஊசியைப் பல்லில் கடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

அது மிராசுதாரின் பாட்டனாருக்கு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் பரிசாகக் கொடுத்த, நெட்டித் தக்கையில் செய்த துரைத் தொப்பி. மூன்று தலைமுறை வியர்வையைக் குடித்த உள்தோல் கறுத்துப் பிசுபிசுத்தது. மடிப்பெல்லாம் கரப்பான் முட்டை. பசித்த நாயும் ஒருமுறை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். ஆயினும் அது வரப்பில் தெரிந்த கணமே வயலில் நிற்கும் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பண்ணையின் வழக்கம்.

தொப்பி ஆடாதிருக்க உள்விளிம்பில் செய்தித்தாளை மடித்துத் திணித்தாயிற்று. இற்றுப்போன தோல்வாருக்குப் பதிலாகப் புதிய கித்தான் பட்டை, உதடு பிரிய இடமில்லாதபடி மோவாய்க்குக் கீழே இறுக்கப்பட்டது. பின்விளிம்பைக் கோட்டுக் கழுத்தோடு சேர்த்துத் தைப்பது ஒன்றே பாக்கி. புலித்தோல் போர்த்திய கழுதைக்குக்கூட எவரும் இவ்வளவு பாடுபட்டுத் தோலைத் தைத்ததில்லை.

“ஊசிய ஏன்யா நிறுத்திட்டே?”

“ஒண்ணுமில்லீங்க... நாத்தம். கொமட்டுது.”

“கொமட்டுனா முழுங்கிக்க. வெளியில போயி எதாச்சும் உளறினே, அப்புறம் இருக்கு உனக்கு.”

கறுப்புக் கண்ணாடி மாட்டப்பட்டது. கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டின் மேல் சரிகை அங்கவஸ்திரத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டு, காரியஸ்தர் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் ஏறி அமர்ந்தார்.

வாய்க்கால் மதகடியில் நாற்பது பெண்கள் வழியை மறித்து நின்றார்கள். குறுவை நடவுக்கு அசலூர் ஆட்களை இறக்க மிராசுதார் அவ்வழியே வருகிறார் என்று அவர்களுக்குச் செய்தி எட்டியிருந்தது. எப்படி எட்டியது என்று எவரும் யோசிக்கவில்லை.

முன்னால் நின்றவள் அம்சம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட அவள் கணவன் வைரக்கண்ணுவை நேற்று முன்தினம் பண்ணையின் அடியாட்கள் இழுத்துப் போயிருந்தார்கள். மாட்டுக் கொட்டகையில் கட்டிவைத்துச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள் என்பது வரை ஊருக்குத் தெரிந்தது. அதன்பின் அவன் இருக்கிறானா, செத்தானா என்பது தெரியவில்லை.

அவள் இடுப்பில் ஒரு குடம் இருந்தது. அதிலும் கரைத்த சாணிதான்.

“எம் புருசன் எங்கய்யா?”

வந்து நின்ற வண்டிக்குள் தொப்பி விறைப்பாக நிமிர்ந்திருந்தது.

“வெள்ளைக்காரன் போன சேதி தொப்பிக்கு இன்னும் வந்து சேரல போலருக்குடி!” என்றாள் பின்னாலிருந்த எல்லையம்மாள். பெண்கள் சிரித்தார்கள். அம்சம் சிரிக்கவில்லை.

“உசுரோட வச்சிருக்கியா, ஆத்துல தள்ளிட்டியா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?”

“ஐயாவுக்குத் தொண்டை சரியில்ல. வழிய விடுங்க” என்றார் காரியஸ்தர்.

“மருந்து கையோட கொண்டாந்திருக்கேன்!”

அம்சம் வண்டிப் படியில் கால்வைத்து எக்கிக் குடத்தைக் கவிழ்த்தாள். இரண்டு நாள் ஊறிப் புளித்த சாணி, நெளியும் புழுக்களோடு தொப்பியில் விழுந்து, கண்ணாடியை மூடி, கோட்டுக்குள் இறங்கியது. வண்டி மாடுகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

தொப்பி மட்டும் அசையவில்லை. கண்ணாடிக்குக் கீழே சாணியைக் கீறிக்கொண்டு நீர் இரண்டு கோடாக வழிந்தது.

“தூ! அழுவுறதப் பாரு. ஊரையே அழ வச்ச மூஞ்சி!”

காரியஸ்தர் வண்டியிலிருந்து குதித்தார். எஜமானைத் திரும்பியும் பாராமல் வரப்பில் ஓடினார். வண்டிக்காரனும் அவர் பின்னே ஓடினான்.

“அடியே, வடக்கு வயல்ல அசலூர் ஆளுங்க எறங்கிட்டாங்க! முன்னாடி யாரோ பெரிய மனுசன் வெறுந்தலையோட குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு!” என்று யாரோ கத்தினார்கள். பெண்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். அம்சத்தின் காதில் அது விழவே இல்லை. இடுப்பிலிருந்த அரிவாளை உருவிக்கொண்டு அவள் வண்டிக்குள் ஏறினாள்.

“வேணாம் அம்சம்! கொலைகாரியாப் போயிடாதடி!” என்று எல்லையம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“கழுத்த அறுக்கலக்கா. இந்தக் கருமத்த இந்தத் தலையிலேருந்து எறக்கிட்டுத்தான் போவேன். அப்பவாவது வாயத் தொறக்குறானா பாக்குறேன்.”

அரிவாள் முனையை மோவாய்க்குக் கீழே நுழைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கித்தான் பட்டை அறுந்தது. தொப்பி பின்னால் சரிந்து கோட்டுக் கழுத்தில் தொங்கியது.

சாணி அப்பிய முகத்தில் வாய் மெல்லப் பிளந்தது. உள்ளிருந்து ஒரு கந்தல் பந்து நழுவி, விலகிய அங்கவஸ்திரத்துக்குள் கயிற்றால் கட்டியிருந்த கைகளின் மேல் விழுந்தது.

“ஒம் புருசன் இங்கதான் இருக்கேன், புள்ள.”