எட்டே முக்கால் அங்குலம்

வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு சாண் எத்தனை அங்குலம் என்று அளந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். முத்துப்பேச்சி அம்மாவின் கையை அளந்து ஏழரை என்று எழுதினாள். அப்பாவிடம் போகவில்லை. அவருடைய வலது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் கல் கிரஷரோடு போய்விட்டன. பக்கத்து வீட்டு வேன்காரர் கையை அளந்து, அப்பாவுக்கு எட்டே முக்கால், வித்தியாசம் ஒன்றேகால் என்று கணக்கை முடித்துவிட்டாள்.

பெற்றோர் கூட்டத்தன்று அந்தத் தாள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தது. அப்பா வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கையை வைங்கண்ணே, புள்ள சரியா அளந்திருக்காளான்னு பாப்போம்" என்று டீச்சர் ஸ்கேலை மேஜையில் போட்டார்.

"கல்லுடைக்கிற கை டீச்சர், ஸ்கேல் பத்தாது" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள். அப்பா இடது கையை எடுத்து வைத்தார். சுண்டுவிரல் எட்டேகாலோடு நின்றது. நகம் வெளுக்க, விரலிடுக்கு கிழிந்துவிடும்போல விரித்து, அதை எட்டே முக்காலுக்குக் கொண்டுபோனார்.

"எவ்வளவுன்னு நீயே பாத்துச் சொல்லு தாயி" என்றார்.

விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அது வழுக்குவதற்குள் அவள் சொல்லியாக வேண்டும்.