முருகன் காலடியில் தாமரை

“தொடாதீங்க தம்பி, பாருங்க மட்டும்! இப்ப இந்தத் தாமரை மொட்டாகப் போவுது” என்றார் சேதுராமன்.

அச்சகத்துக்காரர் ஜெயபாலன் நாற்காலி நுனிக்கு நகர்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். திரை முழுக்க முருகன் நின்றிருந்தார். காலடியில் ஒரு தாமரை விரிந்திருந்தது. சேதுராமன் மவுஸை இரண்டு தட்டுத் தட்டினார். பூ சட்டென்று மொட்டானது.

“எப்படிண்ணே?”

“அது ரகசியம் லா!”

சேதுராமன் முப்பது வருடம் ஆபீஸில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் காஜா பேராங் வட்டாரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவை எடுத்த கமிட்டியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

ஜெயபாலன் வந்தது வேறு வேலையாக. சேதுராமனின் மகள் ஜெயாவின் கல்யாண அழைப்பிதழ் ஃபைலை வாங்கிப் போக வேண்டும். நாளை மெர்டேக்கா, சுதந்திர தினம். ஐம்பதாவது வருடம் என்பதால் அச்சகத்துக்கு மூன்று நாள் விடுமுறை. அதன்பின் வேறு வேலைகள் குவிந்து கிடக்கின்றன. இன்று கொடுத்தால்தான் கல்யாணத்துக்குள் அழைப்பிதழ் கைக்கு வரும்.

“ஃபைலெல்லாம் ஓரத்துக்குப் போயிருச்சே?”

“சாமி முகத்து மேலயா ஒட்டி வைக்க முடியும்? எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டேன். எந்த ஃபைலத் தொறந்தாலும் ஆடிக்கிட்டு வருமே, அதையும் நிறுத்தியாச்சு. வேகமா ஓடணும்ல. அப்புறம் எதச் செஞ்சாலும் ஒரு பெட்டி நடுவுல வந்து ‘நெசமாவா, நெசமாவா’ன்னு கேக்கும். அது வந்தா சாமி முகம் மறையுது. அதுக்கும் லீவு கொடுத்துட்டேன்.”

“அழகு இருக்கட்டும்ணே. ஆனா அந்தப் பெட்டி உபயோகமானதாச்சே?”

“முப்பது வருஷம் பாஸ் கேட்ட கேள்வி பத்தாதா தம்பி? இதுவும் கேக்கணுமா?”

“திரையில இருந்த குப்பைத்தொட்டியவும் காணோமே?”

“சாமி முன்னால குப்பைத்தொட்டியா? என் வீட்டுல அது கண்ணுல படாது” என்றார் சேதுராமன் பெருமையாக.

“சரிண்ணே, அழைப்பிதழக் கொடுங்க. நேரமாவுது.”

சேதுராமன் திரையின் வலது ஓரத்தைப் பார்த்தார். பிறகு இடது ஓரம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அழைப்பிதழைக் காணவில்லை. அவருக்கு வியர்த்தது.

அது சாதாரண அழைப்பிதழா? யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று மூன்று மாமன்மாரும் இரண்டு சித்தப்பாமாரும் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்கள். செமாபோக்கில் இருக்கும் மாமா நேற்று மாலைதான் பிடிவாதத்தை விட்டு இறங்கி வந்தார். அந்த வரிசை இன்னொரு முறை கிடைக்குமா?

“வேற காப்பி இல்லையாண்ணே?”

“எழுதின தாளையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேன். கம்ப்யூட்டர் இருக்கறப்ப தாள் எதுக்குன்னு அஞ்சு பேருகிட்டயும் பெருமையடிச்சேன் தம்பி.”

“தவறிப்போய் குப்பைத்தொட்டியில விழுந்திருக்கும். தொறந்து பாருங்களேன்.”

“அது காலியாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும்” என்றார் சேதுராமன், பார்க்காமலே.

மனைவி ருக்மணி தேநீருடன் வந்தாள். “என்னங்க தேடுறீங்க?”

“கல்யாண அழைப்பிதழ்! இதை நீ தொட்டியா?”

“குளிச்சிட்டு வந்துதாங்க தொட்டேன்” என்றாள் ருக்மணி பதறிப்போய். “அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னால சாமி காலடியில வெக்க வேணாமா? காலையில நீங்க காய் வாங்கப் பாசார் போயிருந்தப்ப, ஜெயா சொல்லிக் கொடுத்த மாதிரி மவுஸால இழுத்து, அந்தத் தாமரை மொட்டு மேல வெச்சுக் கும்பிட்டேன். முருகனே ஏத்துக்கிட்டாருங்க! மொட்டா இருந்த பூ, என் கண்ணு முன்னால அப்படியே விரிஞ்சிருச்சு!”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. ஜெயபாலன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேதுராமன் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“ருக்மணி, முருகனை இதுல இழுக்காத. சாமி முன்னால அசிங்கமா இருக்குதேன்னு, குப்பைத்தொட்டியோட படத்த எடுத்துட்டுத் தாமரைய வெச்ச மேதாவி நான்தான். உள்ள ஏதாச்சும் விழுந்தா அது விரியும்.” அவர் ஜெயபாலன் பக்கம் மெல்லத் திரும்பினார். “நீங்க வந்ததும் மொட்டாக்கிக் காட்டினேனே தம்பி... அதுதான் குப்பையக் காலி பண்றது.”